ஜாக்கி சான் கார்ட்டூன்ல அந்த 12 மிருகமும் எங்க போச்சு?

சுட்டி டிவி பாத்து வளந்தவங்க கிட்ட ஜாக்கி சான் கார்ட்டூன்னு சொன்னாலே போதும், முகம் மலந்துடும். தமிழ்ல பேசுற ஜாக்கி, காஞ்ச மீனையும் பல்லியையும் வச்சுக்கிட்டு மந்திரம் போடுற அங்கிள், வீட்டுலயே இருன்னா ஜன்னல் வழியா குதிச்சு ஓடி வர்ற ஜேட், இதெல்லாம் ஒரு தலைமுறையோட சாயங்காலம். எனக்கும் அந்தப் பாசம் உண்டு, இன்னைக்கும் குறையல. அதனாலதான் அஞ்சு சீசனையும் வரிசையா, ஒண்ணு விடாம, அக்கா பையன பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு திரும்ப பாத்தேன், பாத்து முடிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எவ்வளவு பெரிய ஒரு விஷயத்த கையில வச்சுக்கிட்டு அதை எப்படி நழுவ விட்டிருக்காங்கன்னு இப்பதான் தெரியுது.

தெரியாதவங்களுக்கு கதை. ஜாக்கி ஒரு தொல்லியல் ஆளு, சான் ஃபிரான்சிஸ்கோல பழம்பொருள் கடை வச்சிருக்குற அங்கிளோட இருக்காரு. ஹாங்காங்ல இருந்து அண்ணன் பொண்ணு முறை வர்ற ஜேட் வந்து சேர்றா. ஷெண்டுன்னு ஒரு டிராகன் அசுரன் கல்லா உறைஞ்சு கிடக்கான், அவனோட சக்தி 12 கல்லா பிரிஞ்சு உலகம் முழுக்க சிதறிக் கிடக்கு, ஒவ்வொரு கல்லுலயும் சீன ராசிச் சக்கரத்துல இருக்குற ஒரு மிருகம் செதுக்கியிருக்கும். எட்டுப் பட்டை வச்ச சின்னத் தாயத்துக் கல்லு. வால்மாண்டுங்கிற வில்லனோட கூட்டம் அந்தக் கல்லுகளத் தேட, ஜாக்கி தேட, அதுதான் முதல் சீசன். ஜான் ராஜர்ஸ், டுவேன் கப்பிஸி, ஜெஃப் மட்சுடா மூணு பேரும் உருவாக்குனது, 2000 செப்டம்பர்ல அமெரிக்காவுல கிட்ஸ் டபிள்யூபிங்கிற குழந்தைங்க ஒளிபரப்புல ஆரம்பிச்சு 2005 ஜூலைல முடிஞ்சது, மொத்தம் 95 எபிசோட்.

முதல் சீசன் 13 எபிசோடுதான். ஆனா அந்த 13-லயும் ஒரு உயிர் இருக்கு. ஜாக்கி சானோட சண்டைன்னா என்னன்னு புரிஞ்ச ஆளுங்க வரைஞ்சிருக்காங்க. நிஜ ஜாக்கி ஹாங்காங்ல பீக்கிங் ஓப்பரான்னு சொல்ற சீனக் கூத்துப் பள்ளிக்கூடத்துல சின்னப் பையனா சேந்து பத்து வருஷம் அடியும் உதையும் வாங்கி கத்துக்கிட்ட வித்தை அது. அங்க சண்டையும் நடிப்பும் கழைக்கூத்தும் ஒண்ணுதான், தனித்தனி பாடம் கிடையாது. அதனால அவர் சண்டைல எப்பவும் ஒரு பொருள் இருக்கும். ஏணி, நாற்காலி, கோட்டு, ஜன்னல் கதவு, எது கையில மாட்டுதோ அதுதான் ஆயுதம். இன்னொன்னு, அவருக்கு வலிக்கும். புரூஸ் லீக்கு அப்புறம் வந்த ஹீரோங்கல்லாம் அடிச்சா மலை சரியற மாதிரி நின்னுக்கிட்டிருந்தப்ப, அடிச்சுட்டு கைய உதறிக்கிட்டு ஊதுன ஒரே ஆளு ஜாக்கி. கார்ட்டூன் ஜாக்கியும் முதல் சீசன்ல அப்படித்தான் இருக்காரு. ஓடுறாரு, வழுக்குறாரு, வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சிக்கிட்டே உதைக்கிறாரு. எதிராளி நாலு பேர் இருந்தா நாலு பேரையும் ஒருத்தனோட ஒருத்தன மோத விட்டு தப்பிக்கிறாரு. கராத்தே கிளாஸ் போற ஒரு குழந்தைக்கு இதுல கத்துக்க எவ்வளவோ இருக்கு.

பிரச்சனை அந்தக் கல்லுகள்ல இருந்துதான் ஆரம்பிக்குது. ஒவ்வொன்னுக்கும் ஒரு சக்தி கொடுத்திருக்காங்க. எருதுக்கு பலம், முயலுக்கு வேகம், பாம்புக்கு மறைஞ்சு போறது, டிராகனுக்கு நெருப்பு, குரங்குக்கு உருவம் மாத்துறது, சேவலுக்கு மிதக்குறது, குதிரைக்கு குணமாக்குறது, நாய்க்கு சாகாவரம், ஆட்டுக்கு உடம்ப விட்டு ஆவி வெளிய போறது, பன்னிக்கு கண்ணுல இருந்து சூட்டுக் கதிர், புலிக்கு நல்லதும் கெட்டதும் சமநிலைல நிக்கிறது, எலிக்கு அசையாத பொருளுக்கு அசைவு கொடுக்குறது. இதுல சிலது ரொம்ப அழகு. எலி அந்த வரிசைல முதல் மிருகம், சக்கரமே அதுல இருந்துதான் சுத்த ஆரம்பிக்குது, அதுக்குப் போய் அசையாதத அசைய வைக்கிற சக்திய கொடுத்தது யாரோ யோசிச்சு செஞ்ச மாதிரிதான் எனக்குப் படுது. புலிக் கல்லு ரெண்டா பிரிஞ்சு ஜாக்கியும் ரெண்டா பிரிஞ்சு, நல்ல ஜாக்கி ஒருத்தர் கெட்ட ஜாக்கி ஒருத்தர்னு வர்ற எபிசோட் இருக்கே, அதை இன்னைக்கும் எத்தன தடவ வேணா பாக்கலாம். ஒரு மனுஷனுக்குள்ள இருக்குற ரெண்டு பக்கத்தயும் குழந்தைக்குப் புரியுற மாதிரி அதவிட நேரா காட்ட முடியாது.

ஆனா பன்னிக்கு ஏன் கண்ணுல நெருப்பு? ஆடு ஏன் உடம்ப விட்டு வெளிய போகுது? கதைக்குள்ள பதில் இல்ல. அந்தந்த மிருகத்தோட குணத்துக்கும் சக்திக்கும் ஒரு தொடர்பு வைக்கணும்னு பாதி கல்லுக்கு மேல யாரும் மெனக்கெடல. டார்ச் லைட்டுக்கு பேட்டரி போடுற மாதிரி கல்ல கையில எடுத்தா சக்தி வரும், கீழ வச்சா போயிடும். நல்லவன் எடுத்தாலும் கெட்டவன் எடுத்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும், பயிற்சி வேண்டாம், பக்குவம் வேண்டாம். தற்காப்புக் கலைய மையமா வச்ச ஒரு கதைல இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் உடம்ப வளைச்சு கத்துக்கிட்டவனும் நேத்து கல்ல பொறுக்குனவனும் ஒண்ணுன்னா அப்புறம் எதுக்கு பயிற்சி?

அக்கா பையன் 2015 கடைசில பொறந்தவன். பாத்துக்கிட்டே இருந்தவன் நான் என்ன மிருகம்னு கேட்டான். ஆடுன்னு சொன்னேன். அப்ப அந்த ஆட்டுக் கல்லு எனக்குத்தான் நல்லா வேலை செய்யுமான்னு கேட்டான். எனக்கு அந்த இடத்துல கார்ட்டூன நிறுத்திட்டு கொஞ்ச நேரம் யோசிக்கத் தோணுச்சு. ஏன்னா சீன ராசிச் சக்கரத்தோட உயிரே அந்தக் கேள்விதான். அது மிருகங்களோட பட்டியல் கிடையாது, அது ஒரு காலண்டர். சீனாவுல ஒருத்தர் வயச நாசூக்கா தெரிஞ்சுக்கணும்னா நீங்க எந்த மிருகத்து வருஷம்னு கேட்டாப் போதும். 12 வருஷத்துக்கு ஒருக்கா உங்க மிருகம் திரும்ப வரும், அந்த வருஷம் கொஞ்சம் கவனமா இருக்கணும்னு வீட்டுல சிவப்புக் கயிறு கட்டி விடுவாங்க, சிவப்பு உடுப்பு போடச் சொல்வாங்க. 12 மிருகத்தோட மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணின்னு அஞ்சு மூலமும் சேந்து 60 வருஷச் சுத்து ஆகும். பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் 60 வருஷத்துக்கு பேர் வச்சிருக்குற நமக்கு இது ஒண்ணும் புதுசா தெரியாது.

வருஷம் மட்டுமா, ஒரு நாளையும் 12 மிருகத்துக்கு பிரிச்சு கொடுத்திருக்காங்க. ராத்திரி 11 மணில இருந்து 1 மணி வரைக்கும் எலியோட நேரம், விடிகாலை 3-ல இருந்து 5 புலி, உச்சி வெயில் குதிரைக்கு, சாயங்காலம் 5-ல இருந்து 7 வரைக்கும் சேவல். இந்த ஒரு தகவல வச்சு எத்தன எபிசோட் எழுதலாம்! சேவல் கல்லு அது அடையுற நேரத்துல மட்டும் முழு பலத்தோட வேலை செய்யும், அதுக்குள்ள ஜாக்கி அந்த மலைல இருந்து குதிச்சாகணும், இப்படி ஒரு நெருக்கடி வச்சிருந்தா கல்லுக்கும் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கும், சண்டைக்கும் ஒரு துடிப்பு வந்திருக்கும். அதே மாதிரி மிருகங்களுக்குள்ள ஒத்துப் போறது முட்டிக்கிறதுன்னு ஒரு கணக்கு இருக்கு, எலிக்கும் குதிரைக்கும் ஆகாது, புலிக்கும் குரங்குக்கும் ஆகாது, கல்யாணப் பொருத்தம் பாக்குறப்ப கூட இதைப் பாப்பாங்க. ரெண்டு கல்ல ஒரே கையில வச்சா என்ன ஆகும்னு ஒரு கதை எழுத இதவிட என்ன வேணும்?

இன்னொன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நிஜ ஜாக்கி சான் பொறந்தது 1954 ஏப்ரல் 7. அது குதிரை வருஷம். கார்ட்டூன்ல குதிரைக் கல்லோட சக்தி காயத்த ஆத்துறது. யூகோஸ்லாவியால ஒரு படப்பிடிப்புல மரத்துல இருந்து விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு பிழைச்சு வந்த மனுஷன், உடம்பு முழுக்க உடைசலோட வாழ்ற மனுஷன், அவருக்கு உரிய மிருகத்துக்கு ஆறுதல் தர்ற சக்தி. இப்படி ஒரு பொருத்தம் தானா வந்து மடில விழுறப்ப அதை வச்சு ஒரு சீசனோட மனசையே கட்டியிருக்கலாம்.

அது போகட்டும். ரெண்டாவது சீசன்ல இருந்து கல்லுகள் பெட்டகத்துக்குள்ள போயிடுது. செக்‌ஷன் 13-ன்னு ஒரு அமெரிக்க ரகசிய அமைப்பு, அங்க பூட்டி வச்சு ஆபத்துக்கு எடுக்குற சாமானா ஆயிடுது. கதை எட்டு அசுரனுக்குத் தாவுது, ஷெண்டுவும் அவனோட கூடப் பொறந்த ஏழு பேரும், வானம், பூமி, காத்து, இடின்னு ஆளுக்கு ஒரு சக்தி. இது சீன மரபுல பாகுவான்னு சொல்ற எட்டுக் குறிகள்ல இருந்து எடுத்தது, நல்ல யோசனை. ஆனா அந்த எட்டுல ஒண்ணு நிஜத்துல ஏரி, தண்ணி தேங்கி நிக்கிற இடம், மகிழ்ச்சியோட குறி அது. கார்ட்டூன்ல அதத் தூக்கிட்டு சந்திரன்னு ஒரு அசுரன வச்சிருக்காங்க. 39 எபிசோட் இந்த சீசன். நீளத்துக்கு ஏத்த பலம் இல்ல, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வாசல் திறக்கும், அசுரன் வருவான், அங்கிள் மந்திரம் போடுவாரு, வாசல் மூடும்.

இங்கதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்தது. மந்திரத்த மந்திரத்தாலதான் ஜெயிக்க முடியும்னு அங்கிள் சொல்றது முதல்ல கேக்க நல்லாருக்கு, ஆனா அதுவே கதையோட சட்டமா மாறிட்டப்புறம் ஜாக்கிக்கு ஒரே வேலைதான் மிச்சம், அங்கிள் மந்திரத்த சொல்லி முடிக்கிற வரைக்கும் அடி வாங்கிக்கிட்டு நேரத்த ஓட்டுறது. அந்தக் கான்டனீஸ் மந்திரம் எங்க எல்லாருக்கும் மனப்பாடம், அர்த்தம் தெரியாம விளையாட்டுல கத்திக்கிட்டு திரிஞ்சிருக்கோம், சரி. ஆனா ஒரு தற்காப்புக் கலைக் கதைல கடைசி அடி எப்பவும் மந்திரத்தோட பச்சை வெளிச்சமாவே இருந்தா உதைக்கு என்ன மரியாதை? மூணாவது சீசன் வரும்போது சண்டைய வரைஞ்சவங்களுக்கே அது தெரிஞ்சு போச்சு போல, ஏணியும் நாற்காலியும் குறைஞ்சு போகுது, பறக்குறதும் வெடிக்குறதும் கூடிப் போகுது.

அந்த மூணாவது சீசனுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லியே ஆகணும். கல்லுகள் உடைஞ்சு அந்த சக்தியெல்லாம் உலகத்துல அங்கங்க இருக்குற நிஜ மிருகங்களுக்குப் போயிடும். ஏதோ ஒரு பண்ணைல இருக்குற பன்னிக்கு, எங்கயோ இருக்குற ஒரு எருதுக்கு. கல்லுல செதுக்கியிருந்த மிருகம் ரத்தமும் சதையுமா எந்திரிச்சு வந்துடுச்சு. 95 எபிசோட்ல ராசிச் சக்கரத்த யாரோ உக்காந்து ரசிச்சு யோசிச்ச தருணம் இதுதான். மிருகத்துக்கு விருப்பம்னு ஒண்ணு உண்டு, பயம் உண்டு, யாரோட போகணும்னு அதுவே முடிவு பண்ணும். சக்திய பறிக்க முடியாது, அந்த மிருகத்தோட நம்பிக்கைய சம்பாதிக்கணும். இத மட்டும் கெட்டியா பிடிச்சிருந்தா இந்தக் கட்டுரையே வேற மாதிரி இருந்திருக்கும். அவங்க என்ன பண்ணாங்க, பழையபடி துரத்திப் பிடிக்கிற கதையாவே ஆக்கிட்டாங்க, மிருகங்கள் கூண்டுக்குள்ள வந்து சேர சேர கணக்கு முடிஞ்சது.

நாலாவது சீசன் ஜப்பான் முகமூடி பேய்களுக்குப் போகுது. ஜப்பான் கதைகள் மேல எனக்கு பெரிய மதிப்பு உண்டு, ஆனா சீன டிராகனுக்கு சேவகம் பண்றது நிஞ்சா படை, அந்தப் படைக்கு மூலம் ஜப்பான் பேய், எல்லாமே ஆசியாதானேன்னு ஒரே பாத்திரத்துல கொட்டுற அலட்சியம் இருக்கு பாருங்க, அது குழந்தைங்களுக்கு செய்யுற நியாயம் இல்ல. அஞ்சாவதுல ஷெண்டுவோட மகன் எதிர்காலத்துல இருந்து வர்றான், திரும்ப எட்டு சக்தி, திரும்ப தேடல். அத விரிச்சு எழுத ஒண்ணும் இல்ல. இந்த மொத்த ஓட்டத்துலயும் உண்மையா வளந்த ஒரே ஆளு டோரு. மலை மாதிரி உடம்போட வில்லன் கூட்டத்துல அடியாளா இருந்தவன், அத விட்டுட்டு அங்கிள்கிட்ட சீடனா சேந்து, திட்டு வாங்கி வாங்கி மந்திரம் கத்துக்கிறான். பயிற்சி, பொறுமை, குருன்னு ஒரு சண்டைக் கலை சொல்லித்தர வேண்டியத எல்லாம் அந்த ஒரு ஆளோட கதைல வச்சிருக்காங்க.

ஏன் இப்படி ஆச்சுன்னா, அந்த நேரத்த பாக்கணும். அதே கிட்ஸ் டபிள்யூபில 1999-ல இருந்து போகிமான் ஓடிக்கிட்டிருந்தது, ஒவ்வொன்னா சேர்க்குற கதைக்குத்தான் அப்ப மவுசு. 12 கல்லு, 8 அசுரன், 9 முகமூடி, திரும்ப 8 சக்தின்னு எண்ணிக்கை மாறுது, அச்சு ஒண்ணுதான். ராசிச் சக்கரம் அங்க உள்ள வந்ததே 12-ன்னு ஒரு வசதியான எண்ணுக்காகத்தான்னு நினைக்கும்போது மனசு வலிக்குது.

ஏன் இவ்வளவு வருத்தப்படுறேன்னா, இந்தக் கார்ட்டூன் ஆரம்பிச்ச அதே 2000-ல, உலகம் முழுக்க சிதறிப்போன 12 மிருகத்தத் தேடுற கதை நிஜமாவே நடந்துக்கிட்டிருந்தது. பெய்ஜிங் பக்கத்துல சிங் பேரரசர்களோட பழைய கோடை அரண்மனைல ஒரு நீரூற்று இருந்தது, 18-ம் நூற்றாண்டுல சியான்லோங் பேரரசர் காலத்துல கட்டுனது, அரசவைல இருந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி காஸ்டிலியோனேவோட கைவண்ணம். 12 ராசி மிருகத்துக்கும் வெண்கலத்துல தலை, மனுஷ உடம்பு, உடுப்பு போட்டு உக்காந்திருக்கும். அந்தந்த மிருகத்தோட நேரம் வந்தா அதோட வாயில இருந்து தண்ணி பீச்சும், உச்சி நேரத்துக்கு 12-ம் சேந்து பீச்சும். அது ஒரு கடிகாரம். 1860-ல பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைங்க அந்த அரண்மனைய கொள்ளையடிச்சு கொளுத்துனாங்க, தலைங்க ஒண்ணொண்ணா எங்கெங்கயோ போச்சு. 2000 வசந்த காலத்துல ஹாங்காங்ல எருது, புலி, குரங்கு மூணு தலையும் ஏலத்துக்கு வந்தப்ப சீன அரசு நிறுவனமான பாலி குரூப் வாங்கி ஊருக்குக் கொண்டு வந்தது. பன்னியையும் குதிரையையும் மக்காவ் சூதாட்ட விடுதி அதிபர் ஸ்டான்லி ஹோ வாங்கிக் கொடுத்தாரு. 2009-ல பாரிஸ்ல எலியும் முயலும் ஏலத்துக்கு வந்தப்ப ஒரு சீனாக்காரர் ஏலம் கேட்டு ஜெயிச்சுட்டு, இது எங்க நாட்டுல இருந்து திருடுனது, பணம் தர மாட்டேன்னு சொல்லிட்டாரு. அந்த ரெண்டும் 2013-ல திரும்ப வந்தது. ஜாக்கியே 2012-ல இந்தத் தலைங்கள வச்சு ஒரு படம் எடுத்து நடிச்சாரு. இன்னும் பாம்பு, ஆடு, சேவல், நாய் நாலும் எங்க இருக்குன்னே தெரியல.

இதப் படிச்சுட்டு கார்ட்டூன பாருங்க. முதல் எபிசோட்ல ஜாக்கி ஜெர்மனில பவேரியாவுல ஒரு கோட்டைல இருந்து சேவல் கல்ல எடுக்குறாரு. ஒரு தொல்லியல் ஆளு. சீனப் பொருள் ஐரோப்பாவுல ஒரு கோட்டைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு அவருக்கு ஒரு கேள்வி வர வேண்டாமா? எடுத்த கல்லு எங்க போகுது, அமெரிக்க ரகசியப் பெட்டகத்துக்கு. திருப்பித் தரணும்னு 95 எபிசோடும் அத ஒரு கதையாவே எடுத்துக்கல. ஜாக்கி அருங்காட்சியகம் அருங்காட்சியகம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, எந்த ஊரு அருங்காட்சியகம்ங்கிறதுதான் பேச்சே இல்ல. எட்டு வயசுக் குழந்தைக்கு இது புரியாதுன்னு சொல்லாதீங்க. ஒரு பொருள் யாரோடதுங்கிற கேள்வி எட்டு வயசுக்கு நல்லாவே புரியும், வீட்டுல பொழுதன்னைக்கும் அதுக்குத்தானே சண்டை.

காலக்கணக்கும் அவங்க பக்கம் இருந்தது. 2000 டிராகன் வருஷம், வில்லன் டிராகன். சேவல் கல்லோட ஆரம்பிச்ச தொடர் முடிஞ்ச 2005 சேவல் வருஷம். நடுவுல வந்த பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு வருஷங்களுக்கு ஆளுக்கு ஒரு சீசன் கொடுத்திருந்தாலே ஒரு காலண்டர் மாதிரி குழந்தைங்க மனசுல உக்காந்திருக்கும்.

வீட்டுல குழந்தைங்களுக்கு போட்டுக் காட்டணும்னா என் யோசனை இதுதான். முதல் சீசன முழுசா, வரிசையா காட்டுங்க, புலிக் கல்லு எபிசோட ரெண்டு தடவ காட்டுங்க. ரெண்டாவது சீசன்ல டோரு சீடனா சேர்ற பகுதிய மட்டும். மூணாவதுல மிருகங்கள் வர்ற முதல் சில எபிசோடு. மத்தத விட்டுடலாம். ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் நிஜ ஜாக்கி வந்து குழந்தைங்க கேக்குற கேள்விக்கு பதில் சொல்ற அந்தக் குட்டிப் பகுதிய தாண்டி விடாதீங்க, பல நேரம் அந்த அரை நிமிஷத்துல இருக்குற ஆளு கார்ட்டூன்ல இருக்குற ஆளவிட சுவாரஸ்யமானவரு. நடுவுல நிறுத்தி, பொறந்த வருஷத்த வச்சு அவங்கவங்க மிருகம் எதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ஜனவரி, பிப்ரவரில பொறந்த குழந்தையா இருந்தா மட்டும் அந்த வருஷம் சீனப் புத்தாண்டு எந்தத் தேதில வந்துச்சுன்னு பாத்துக்கோங்க, அதுக்கு முன்னாடி பொறந்திருந்தா முந்தின வருஷத்து மிருகம்தான் கணக்கு.